டீக்கன் ஹோசியாவின் முன்கூடம்

நாஷ்வில்,
மே 1971

அன்புத் தங்கை வெர்லீனுக்கு, அண்ணன் ஆல்ஃபியஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் சிகாகோவுக்கு உன்னிடமே வந்துவிடுகிறேன், மாடி அறையைப் பெருக்கி வை. நெடுஞ்சாலைக்குக் கோடு போட்டவர்களின் பென்சில் வெள்ளைக்காரர் தெருப்பக்கம் போனபோது வளைந்தது, நம் கறுப்பர் தெருவுக்கு வந்ததும் நிமிர்ந்துகொண்டது. நம் வீடு, முடிதிருத்தும் கடை, பாட்டுக்குழுவில் பாதிப் பேரின் வீடு எல்லாம் சாலைக்கு அடியில் போயாயிற்று. நாலு வீடு தாண்டிச் சர்ச்சுக்குப் போனவன் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறேன். போய்ச் சேருவதற்குள் பிரசங்கம் முடிந்துவிடுகிறது, காணிக்கைத் தட்டு மட்டும் தவறாமல் என் முன்னால் வந்து நிற்கிறது.

இதற்கு நடுவில், நம் சர்ச் காரியங்களை இத்தனை வருஷம் கவனித்த டீக்கன் ஹோசியா பிக்கெட் காலமானார். கல்லறைக்குப் போகுமுன் நம்மவர் பிரேதம் சொந்த வீட்டு வாசலில் சற்று நின்று போக வேண்டுமே. அவர் வாசல் இருந்த இடத்தில் இப்போது லாரி ஓடுகிறது. பாஸ்டர், இந்த ஒருமுறை விட்டுவிடலாம் என்றார். சர்ச் வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் நம் தியோடோசியா விடுவாளா? வீட்டைப் பறிகொடுத்த மனுஷனுக்கு வழியனுப்புதலும் கிடையாதா என்று கேட்டுவிட்டு, வெள்ளைக் கையுறையோடு நடுச்சாலையில் இறங்கி, ஜெப நேரத்தில் தாமதமாய் வருகிறவனுக்குக் காட்டும் அதே உள்ளங்கையைக் காட்டினாள். லாரிகள் வரிசையாக நின்றன. சர்ச் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, பிரேத வண்டியை நிறுத்தினாள். அவ்வளவுதான், பின்னால் வந்தவர்களெல்லாம் இறங்கித் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓட்டி வந்த சர்ச் வேனின் கண்ணாடியை விதவை எர்மாலின் தட்டினாள்.

"ஆல்ஃபியஸ், என் படுக்கையறையில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்கியே, ஊரு என்ன பேசும்?"

சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்குள் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் இடுப்பில் கை வைத்தபடி வந்து, நடுரோட்டில் என்ன கூத்து என்று அதட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. தியோடோசியா குரலை உயர்த்தவில்லை.

"இது உங்களுக்கு நடுரோடு ஐயா. நீங்க நிக்கிறது டீக்கனோட முன்கூடம். தொப்பியக் கழட்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார், சவப்பெட்டியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். ஒரு பாட்டு முழுவதும் பாடி முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். வெர்லீன், இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

ரயில் நேரத்தைப் பிறகு எழுதுகிறேன். வாசலிலும் வழியிலும் ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

அண்ணன்,
ஆல்ஃபியஸ்

பி.கு.: ஊரை விட்டுப் போகிறேன் என்று தியோடோசியாவிடம் சொன்னேன். நம் வீட்டு வாசலையும் அவள் பார்த்து வைத்திருக்கிறாளாம், நெடுஞ்சாலையின் வலது ஓரம், அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே. "இங்க செத்தா ரோட்ட நிறுத்துறேன் அண்ணே. சிகாகோவுல செத்தா என்னால ஆகாது" என்கிறாள். மாடி அறையைப் பெருக்க வேண்டாம்.