மாமனாரின் பிரவுசரை நான் மீட்ட கதை

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் மூடநம்பிக்கை. நான் இருப்பது ஆள் எடுக்கும் பிரிவில். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைப் பார்த்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதுதான் என் தொழில். திருச்செங்கோட்டில் மாமனார் வீட்டார் என்னைக் "கம்ப்யூட்டர் மாப்ள" என்று கூப்பிட்டபோது கேட்க இனிமையாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

மாமனாருக்கு போர்வெல் தொழில். கல்யாணமான புதிதில் நாங்கள் விருந்துக்குப் போயிருந்தபோது, ஒரு காலையில் ஆழ்துளை போடும் அவருடைய ரிக் லாரி மத்தியப் பிரதேசம் கிளம்பத் தயாராக வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. வெளிமாநில பர்மிட் மட்டும் கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டும். பிரவுசரைத் திறந்தால், 'உங்கள் புரொஃபைல் பழுதாகிவிட்டது' என்று ஒரு வரி. அப்புறம் கழுவித் துடைத்த மாதிரி வெற்றுப் பக்கம். சேமித்து வைத்த முகவரி, பாஸ்வேர்டு, எல்லாம் போச்சு. (பாஸ்வேர்டை அவர் மனப்பாடம் செய்ததே இல்லை. அதுவே நிரம்பிக்கொள்ளும்.) புது பாஸ்வேர்டு வாங்கலாமென்றால், அதற்கான ஓ.டி.பி. போவது அவர் எப்போதோ தொலைத்த செல் நம்பருக்கு.

"மாப்ள இருக்கறப்ப நமக்கென்னங்க கவல?" என்று பக்கத்தில் நின்ற லாரி மேனேஜரிடம் சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார் மாமனார்.

விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, செல்லில் ஒரு வீடியோவைப் பிடித்தேன். பழைய புரொஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் தொடாதீர்கள், புதிதாக ஒன்று உண்டாக்குங்கள் என்றார் வீடியோக்காரர். உண்டாக்கினேன். மிச்சத்தைப் பார்க்கவில்லை. (முதுகுக்குப் பின்னால் மாமனாரும் மேனேஜரும் நிற்கிறார்கள். பிட் அடிக்கிறவன் மாதிரி தெரியக் கூடாதே!)

'உங்கள் கணக்கில் நுழையுங்கள்' என்றது. என் கணக்கில் நுழைந்தேன். 'தகவல்களைக் கொண்டுவரவா?' என்றது. கொண்டு வா ராசா என்று அழுத்தினேன். மடமடவென்று என்னென்னவோ வந்து நிறைந்தது.

"வந்துடுச்சுங்க மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார். பின்னாலேயே என் மனைவி கவிதா.

மாமனார் பூரிப்போடு உட்கார்ந்து, 'மாநில பர்மிட்' என்று தேட ஒற்றை விரலால் 'மா' என்று அடித்தார். அவ்வளவுதான், கீழே பழைய தேடல்கள் வரிசை கட்டின. அவருக்கோ எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம்.

"மாமனார் குறட்டை... நிறுத்துவது எப்படி. மாமனார் வீட்டிலிருந்து... சீக்கிரம் கிளம்ப... நல்ல காரணங்கள். மாமியார் குழம்பு... நெஞ்செரிச்சல்... கை வைத்தியம்."

"டயருக்குக் காத்துப் பாத்துட்டு வாரேனுங்க" என்று மேனேஜர் நழுவிவிட்டார். மாமியார் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாருதுங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"வைரஸுங்க மாமா."

"அதுக்கும் மாமனார் ஊடு இருக்குதுங்களா?"

நான் செல்லை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வீடியோவை ஓட்டினேன்.

கவிதா அப்பாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அதே வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். (அப்படியும் பார்க்கலாம் போல!) என் கணக்கை வெளியே துரத்தினாள். பிரவுசரை மூடிவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து சில கோப்புகளை எடுத்துப் புதியதில் போட்டாள். திறந்தாள். பாஸ்வேர்டுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

"தேடுனதெல்லாங்கூட வந்துருச்சான்னு பாக்கறேனுங்கப்பா" என்று அவளும் 'மா' அடித்தாள்.

வந்திருந்தது. 'மாநில பர்மிட்' முதல் வரியில். அதற்குக் கீழே: 'மாப்பிள்ளை எத்தனை நாள் தங்குவது முறை'. அதற்கும் கீழே: 'மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை உண்மையா கண்டுபிடிப்பது எப்படி'.

இந்தத் தடவை மாமனார் வாய்விட்டுப் படிக்கவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது மாமியார்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "இதும் வைரஸுங்களா சாமி?" என்று மகளைக் கேட்டார்.

பர்மிட் கிடைத்தது, லாரி கிளம்பியது. அன்று முதல் எனக்கு மாடியில் படுக்கை, குழம்பில் பாதிக் காரம். கம்ப்யூட்டர் மாப்ள என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை.

எங்களுக்குள் ஒளிவுமறைவும் இல்லாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் ஊருக்கு வருகிறோம் என்று போன் செய்தால், மாமனார் கேட்பது இதுதான்: "எப்ப வாரீங்க, எப்பக் கெளம்பறீங்க, ரெண்டையும் இப்பவே சொல்லிப்போடுங்க மாப்ள. நா எங்கீங்க போயித் தேடறது?"