உப்பு டப்பா வராத வீடு

"கழுத்தைத் திருப்பாதே" என்றார் பேராசிரியர்.

"ஏங்க, சுளுக்கிக்குமா?" என்றாள் அவர் மனைவி.

வாடகைக் கார் அப்போதுதான் கிளம்பியிருந்தது. சாமான் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தார். பின் இருக்கையில் மனைவி, அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள், மூவர் மடியிலும் சேர்த்து ஒரு சுவர்க்கடிகாரம். இருபது வருஷம் குடியிருந்த வீடு அவர்களுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

"நேரா பாரு."

"நேராத்தான் பார்க்கிறேன். உங்க வழுக்கைதான் தெரியுது."

அவர் நம்பவில்லை. கார் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது உடம்பை முழுசாகத் திருப்பி, மனைவி எங்கே பார்க்கிறாள் என்று சோதித்துக்கொண்டே வந்தார்.

பேராசிரியர் கோயிலுக்கும் போகாதவர், சர்ச்சுக்கும் போகாதவர். ஆனால் நாவல்களுக்குள் ஒளிந்திருக்கும் பைபிள் கதைகளை மோப்பம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாராவது தோட்டத்தில் பழம் பறித்தால் பாம்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். அண்ணனும் தம்பியும் வரப்புக்குச் சண்டை போட்டால் உலகத்தின் முதல் கொலை என்பார். மழை இரண்டு பக்கத்துக்கு மேல் பெய்துவிட்டால் கப்பலைக் காணோமே என்று கவலைப்படுவார். ஓர் எழுத்தாளர் நேரிலேயே வந்து, "ஐயா, அது வெறும் மழைங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாமலே வந்திருக்கு" என்று பேராசிரியர் அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

புத்தகத்தோடு இருந்த இந்த வியாதி போன மாதம் வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு மாலையில் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு அதிகாரிகள் வந்து, பெரிய சாலைக்காகத் தெரு முழுவதையும் இடிக்கப்போகிறோம், உடனே கிளம்புங்கள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. அழியப்போகிற இடம். எச்சரிக்க வந்த இரண்டு பேர். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண்கள். போய்ச் சேரப்போவது பக்கத்திலேயே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பைபிளில் வரும் இந்தக் கதையை அவர் வருஷா வருஷம் வகுப்பில் நடத்தி மாணவர்களைத் தூங்கவைத்திருக்கிறார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. பெண்டாட்டி திரும்பிப் பார்க்கிறாள். நின்ற இடத்திலேயே உப்புத்தூண் ஆகிறாள்.

பழசைப் பிரிய மனமில்லாதவர்களைப் பற்றிய உருவகம் என்று அதற்கு விளக்கம் சொல்லுவார். இப்போது உருவகம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி அவர் கண்ணில் பட்டது. அதில் பழைய வீடு தெரிந்தது. மனைவிக்கும் தெரியுமே. சட்டென்று அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பினார்.

"சார், அது எனக்கு" என்றார் ஓட்டுநர்.

"நீங்க முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

"பின்னாடி வர்றவன் வந்து இடிச்சா?"

"அவனும் முன்னாடி பார்த்துத்தானே ஓட்டுவான்."

அவன் அப்படி ஓட்டவில்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர் டமாலென்று மோதியது. ஓட்டுநர் தலையிலடித்துக்கொண்டு இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். மனைவி இறங்குவதைப் பார்த்த பேராசிரியருக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவள் எதிரே நின்று, இரண்டு கையாலும் அவள் கண்ணைப் பொத்தினார்.

"அப்பா, ரோட்டுல எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் பெரியவள்.

"பார்க்கட்டும். உங்கம்மா பார்க்கக் கூடாது."

மனைவியின் தலைக்கு மேலாக மொட்டைமாடியும் கொல்லைப்புறத்து எலுமிச்சை மரமும் தெரிந்தன. பாவம், இனிமேல் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டுநர் வந்து முதுகைத் தட்டும்வரை அப்படியே நின்றார்.

புது வீட்டில் மதியச் சாப்பாடு. முதல் வாயிலேயே அவர் முகம் சுருங்கியது.

"ஒரே உப்பு."

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"உப்பா? இன்னிக்கு உப்பே போடலைங்க" என்றாள் மனைவி. "டப்பா அந்த வீட்டு அடுப்படியிலேயே தங்கிப்போச்சு."

"சப்புன்னு இருக்கு, தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றாள் சின்னவள்.

பேராசிரியர் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. அவர் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு இன்னொரு செம்பு.

"சாயங்காலம் ஒரு எட்டு போய் டப்பாவை எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி.

"கூடாது."

"அப்ப கடையிலயாவது வாங்கிட்டு வாங்க."

"இந்த வீட்டுக்குள்ள உப்புங்கிற பேச்சே வரக் கூடாது."

ஒரு கதையில் உப்பு ஓர் இடத்தில் வந்தால் அது சமையல், இரண்டு இடத்தில் வந்தால் அது குறியீடு என்பது அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். முதல் இடம் வந்துவிட்டது. இரண்டாவதுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தார்.

அது மறுநாள் காலையில் வந்தது. கூடத்து ஜன்னலின் கட்டையில் வெள்ளையாக, பொடியாக, ஏதோ படிந்திருந்தது. அந்த ஜன்னல் பழைய தெரு இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல். மனைவி எழுந்துவந்து பார்த்துவிடுவாளோ என்று பயந்து ராத்திரி முழுக்க அவரே அங்கே நின்று காவல் காத்திருந்தார். விடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அந்த இடைவெளியில் வந்து நின்றிருக்கிறாள்.

தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

வீட்டில் உப்பு டப்பா கிடையாது. கடையிலிருந்தும் வாங்கவில்லை. அடுப்படியில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. நல்லவேளை, இன்னும் அசைகிறாள்.

ஜன்னலைச் சாத்திப் பலகை வைத்து ஆணி அடித்தார். கூடம் இருட்டானது. இருட்டில் மனைவி கட்டில் காலில் மோதி விரலைப் பெயர்த்துக்கொண்டாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"எதுக்குங்க இது? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"சும்மா உட்காரு. கொஞ்ச நாள்தான்."

ஆறுதலாக அவள் தோளில் கை வைத்தார். எடுத்தபோது, அவள் தோளில் வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. பலகை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் அது மினுமினுத்தது.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றார் ரகசியமாக.

"சுவத்துச் சுண்ணாம்புங்க. உங்க சட்டையெல்லாம்கூட இருக்கு" என்று தட்டிவிட்டாள் அவள்.

அவர் தரையில் உட்காரப் போனார். முழங்கால் மடங்க மறுத்தது. லாரியில் சாமான் ஏற்றிய வினை என்று நினைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரர்கள், இரண்டு பெண்கள், ஜன்னல் கட்டை எல்லாம். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூட அன்பாக நாலு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தக் கதையில அவளுக்குப் பேர் என்ன?"

"பேர் சொல்லலை."

"பொருத்தம்தான். நீங்களும் என்னை 'இந்தா'ன்னுதானே கூப்பிடறீங்க."

அவர் பலகையில் அடித்த ஆணியைத் தடவிப் பார்த்தார்.

"கேளுங்க" என்றாள் அவள். "எனக்கு அந்த வீட்டு மேல ஒரு ஆசையும் இல்லை. அடுப்படியில ஒழுகல், குளியலறையில பூரான். எப்படா போவோம்னு இருந்தேன். கார்ல ஏறினதுலேர்ந்து நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு வேணும்கிறது உப்பு. அவ்வளவுதான்."

கதாபாத்திரங்கள் தங்களுக்கு நேரப்போவதை அறிவதில்லை என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொன்னது வேறு.

"மிச்சச் சாமான் எடுக்க இன்னிக்கு லாரி போகுதுல்ல? நானே போறேன். உப்பையும் எடுத்துட்டு வந்துடறேன். நீ வாசலைத் தாண்டக் கூடாது."

"சரி. மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க" என்றாள் அவள்.

பழைய தெருவில் ஆள் அரவமே இல்லை. கதவுகளையும் ஜன்னல்களையும் எல்லோரும் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வரிசையாக எல்லா வீடும் கண் இல்லாத முகமாக நின்றது. தெருமுனையில் இடிக்கும் இயந்திரம் ஒன்று, ஓட்டுகிறவர் இல்லாமல், கையைத் தூக்கியபடி நின்றது. காற்று அசையவில்லை.

எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் பேராசிரியரின் கணுக்காலை நக்க ஆரம்பித்தது. லோடுமேன் போட்ட ரொட்டியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா காலுல என்னத்தைத் தடவிட்டு வந்திருக்கீங்க?" என்று லோடுமேன் சிரித்தார்.

பேராசிரியர் காலை உதறினார். கால் சரியாக அசையவில்லை. நாய் விடாமல் நக்கிக்கொண்டே பின்னால் வந்தது.

கட்டில், அலமாரி, அம்மி எல்லாம் ஏறின. அடுப்படி மேடையில் உப்பு டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். கொல்லைக்குப் போய் எலுமிச்சை மரத்தைத் தொட்டுப் பார்த்தார். மகள்கள் நடக்கப் பழகிய கூடத்தை, சின்னவள் கரியால் கிறுக்கிய சுவரை, அவர் முதல் புத்தகம் எழுதிய மூலையை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவி வந்திருந்தால் இதையெல்லாம் பார்த்து எப்படித் தாங்கியிருப்பாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் கோத்தது. அது உதட்டுக்கு வந்துசேர்வதற்குள் கன்னத்திலேயே காய்ந்து இறுகிவிட்டது.

"ஏறுங்க ஐயா, இருட்டிக்கிட்டு வருது" என்று லாரியிலிருந்து குரல் வந்தது.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். லாரியின் படியில் கால் வைக்கப்போன நேரத்தில் அந்தச் சந்தேகம் வந்தது. சொன்ன பேச்சை எப்போது கேட்டிருக்கிறாள்? குறுக்கு வழியாக நடந்து வந்து, கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்திருந்தால்? இப்போது அந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்?

ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திரும்பினார்.

வாசலில் அவள் இல்லை. வெறும் வீடுதான் இருந்தது. அவருக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. அதே நிம்மதியோடு கழுத்தை இந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார்.

புது வீட்டு வாசலில் லாரி ஹாரன் அடித்தபோது வானம் கறுத்துத் தொங்கியது. மனைவி பலகையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்துவைத்திருந்தாள். வெளியே வந்தவள் கையில் லோடுமேன் உப்பு டப்பாவைக் கொடுத்தார்.

"ஐயா கையிலேர்ந்து இதை எடுக்கிறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சும்மா."

"அவர் எங்க?"

லோடுமேன் தலையைச் சொறிந்தார். அவர் முன்னங்கையில் ஒரு மழைத்துளி விழுந்தது. பதறிப்போய் லாரியின் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"உள்ளேதாம்மா இருக்கார், நாலு பேர் பிடிச்சு ஏத்தினோம். எங்க இறக்கி வைக்கிறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, மழை பட்டா கரைஞ்சிடுவார்."