ஒரு கிளச்சும் இரண்டு அப்பளமும்

என் காருக்கும் எனக்கும் சேர்த்து வயது நூற்றுப் பத்து. இருவரில் நன்றாக எழும்புவது கார்தான். எழும்பினாலும் நகராத காலம் ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வெள்ளவத்தைச் சந்தியில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமிய உறுமலில் மரத்துக் காகமெல்லாம் கடல் பக்கம் பறந்தது. கார் மட்டும் நின்ற இடத்தில். எங்களை ஒரு பூனை முந்தியது. அதுவும் ஓடவில்லை, நடந்தது.

நாலு வருடத்தில் இது மூன்றாவது கிளச்.

"பிழை கிளச்சில இல்லையப்பா. உங்கட இடது காலில," என்றாள் என் மனைவி ஜெயராணி.

"என்ர காலோ? கியர் மாத்தின உடன காலை எடுத்திடுவன். பிழை காலில எண்டு காட்டு, கார்ச் சாவி அண்டைக்கே உனக்கு!"

"சத்தியமாவோ?"

"சத்தியமா!"

அவளுடைய லைசன்ஸ் பதினைந்து வருடமாக அலுமாரியில் சாரிகளுக்குக் கீழே நித்திரை. அந்தத் துணிவில்தான் சொன்னேன்.

கொம்பனித்தெரு மெக்கானிக் அலவி வந்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். "இப்ப எஞ்சின் நிக்கணும் அங்கிள். நிண்டா கிளச் நல்லம்."

எஞ்சின் நிற்கவில்லை. உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கிளச் பிளேட் தேஞ்சி போய் ஈக்கி. எந்த நேரமும் பெடல்ல காலை வச்சிக்கொண்டு போனாத்தான் இப்பிடித் தேயும்."

ஜெயராணி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"காலி வீதி நெரிசல்," என்றேன்.

சனிக்கிழமை புதுப் பிளேட்டோடு சோதனை ஓட்டம். அலவி ஓட்டினார். நான் பக்கத்துச் சீட்டில். ஜெயராணி பின்னால், சந்தேகப்படும்படி அமைதியாக. பம்பலப்பிட்டி தாண்டும்போது 'நொறுக்' என்று ஒரு சத்தம்.

"அலவி, என்னவோ உடையுது!"

"கிளச்சில இல்ல அங்கிள். உங்கட பக்கம்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயராணி என் பக்கக் கதவைத் திறந்து, காலடி விரிப்பைத் தூக்கினாள். முன் சரிவில், பெடல்கள் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே, அவள் ஒளித்து வைத்த இரண்டு பொரித்த அப்பளம். பிரேக்குக்கு நேரே இருந்தது முழுசு. கிளச்சுக்கு நேரே இருந்தது தூள்.

"கிளச் இல்லாத இடத்திலயும் மிதிக்கிறியள். பிரேக்கை மட்டும் தொடவே இல்லை," என்றாள்.

அலவி சாவியை என்னிடம் நீட்டவேயில்லை. நேரே அவள் கையில் வைத்தார்.

இரண்டு மாதமாகிறது. கார் வெண்ணெய்போல ஓடுகிறது. கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஜெயராணியே ஓட்டுகிறாள். என்னையும் ஆசையாகக் கூட்டிப் போகிறாள். ஒரே நிபந்தனை: சீட்டில் நான் சம்மணம் கட்டித்தான் இருக்கவேண்டும்.