யாருக்கு முதல் உதவி?

பிரான்சின் துலூஸ் நகர ஆய்வகத்தின் வாசலில், பெட்டி சுமந்த ஆறு ரோபோக்களில் இரண்டு எதிரெதிரே நின்று ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டே இருந்தன. ஒன்று பின்வாங்கினால் மற்றதும் பின்வாங்கியது. பொறியாளர் ஒடில் மடிக்கணினியைத் திறந்தாள்.

யாரும் சொல்லித்தராமல், கூட்டமாக வேலை செய்தபடியே தங்களைத் திருத்திக்கொள்ளும் ரோபோக்களை உருவாக்க அவள் எழுதிய மென்பொருளின் லட்சணம் இது. இன்று இயக்குநர் லகாஸ் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"நம்ம பேராசிரியருங்க கதவுகிட்ட 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு நிப்பாங்களே, அதைப் பாத்துக் கத்துக்கிச்சோ?" என்றாள் செயலர் பெர்னாதெத்.

"சும்மா இரு பெர்னாதெத், எனக்கு உயிர் போகுது!"

ஒடில் மென்பொருளில் மரியாதையின் அளவைக் குறைத்தாள். உடனே ஆறு ரோபோக்களும் ஒன்றாக வாசலுக்குள் பாய்ந்தன. அவை சுமந்துவந்த பெட்டிகள் நசுங்கின. விருந்துக்கு வாங்கிய, உள்ளே சாக்லேட் வைத்த சொக்கோலாத்தீன் ரொட்டிகள் அப்பளமாகிவிட்டன.

"ஐயோ, சாக்லேட்டெல்லாம் தரையில!" என்றாள் பெர்னாதெத்.

அடுத்து, 'அதிகக் கஷ்டத்தில் இருப்பவருக்கு முதல் உதவி' என்று ஒரு விதியைச் சேர்த்தாள். முகத்தைப் பார்த்தே நாடித்துடிப்பை அறியும் கேமரா ஒவ்வொன்றிலும் இருந்தது. அதை அவள் மறந்துவிட்டாள். பாவி ரோபோக்கள் பெட்டிகளைப் போட்டுவிட்டு நேராக அவளிடமே வந்து சூழ்ந்துகொண்டன.

"என்னை விடுங்கடா! பெட்டியைத் தூக்குங்க!"

கத்தக் கத்தத் துடிப்பு ஏறியது. அவை இன்னும் நெருங்கின.

"சிரிச்சுப் பாரு ஒடில், போயிடும்" என்றாள் பெர்னாதெத்.

பல்லைக் காட்டினாள். ஒரு ரோபோ அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

அப்போதுதான் லகாஸ் உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத கோட்டு, முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன ஒடில், ஒரே கொண்டாட்டமா இருக்கு? ம், ஆரம்பிங்க!"

ஆறும் சட்டென்று திரும்பின. ஒடிலை அம்போவென்று விட்டுவிட்டு அவரிடம் ஓடின. சுவரோடு சுவராக அவரை ஒதுக்கி, ஒரு நாற்காலியைத் தள்ளிவந்து உட்காரவும் வைத்துவிட்டன.

"முசியே லகாஸ், மன்னிச்சிடுங்க! இதோ நிறுத்திடறேன்!"

எல்லாம் போயிற்று என்று ஒடிலுக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தும் பொத்தானிடம் விரலைக் கொண்டுபோனாள். பெர்னாதெத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்:

"நிறுத்தாதடி, அதுங்க சரியான ஆள்கிட்டதான் போயிருக்கு. காலையிலயே அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."