ஸ்பெயினுக்குப் போகாத செஞோர்

சென்னையில் எத்தனையோ மொழிப் பைத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாண்டி பஜாரில் உட்கார்ந்து ரவிக்கைத் துணியை ஸ்பானிஷில் அளந்து கிழித்த ஒரே மனிதன் செஞோர்தான். செஞோர் என்றால் அந்த மொழியில் ‘ஐயா’. நாங்கள் வைத்த பெயர். சொந்தப் பெயரை அவனே மறந்துவிட்டான்.

எழுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பில் பதினோரு பேர் சேர்ந்தோம். வினைச்சொற்களைக் கண்டதும் ஒன்பது பேர் ஓடிவிட்டார்கள். மிஞ்சியது நானும் செஞோரும். எனக்கு மயிலாப்பூர் லாட்ஜ் அறையில் மாலைப்பொழுது போகவில்லை, அதனால் வந்தேன். அவனுக்கு அந்த மொழி இல்லாமல் பொழுதே விடியாது.

பகலில் அவனுக்கு மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை. “உனோ, தோஸ், த்ரெஸ்” என்று அவன் மீட்டர் எண்ணும்போது, அளவில் ஏதோ திருட்டுத்தனம் என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள்.

“ஏலே, துணியை அளக்கியா, மந்திரம் ஓதுதியா?” என்று மாமா கத்துவார்.

ஒருமுறை அடையாறுக்கு டிக்கெட் வாங்கிவிட்டுக் கண்டக்டரிடம் நன்றியாக “கிராசியாஸ்” என்றான். “அந்த ஸ்டாப்புக்கெல்லாம் இந்த பஸ் போவாது, எறங்கு நைனா” என்று தேனாம்பேட்டையிலேயே எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார் அவர். நொச்சிக்குப்பத்தில் மீன்காரம்மாவிடம், மீனைத்தான் சொல்கிறான், “பெஸ்காதோ!” என்று கையை நீட்டினான். “இன்னாது, கெட்டுப்போச்சா? காலைல வந்த மீனு! மூஞ்சப் பாரு!” என்று அந்தம்மா கத்தியோடு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் மாட்ரிட்டில் ஓராண்டு படிக்க உதவித்தொகை வந்தது. ஓர் இடம். நாங்கள் இரண்டு பேர்.

நேர்காணலன்று பியூன் என்னைத் தனியே இழுத்தார். “உள்ள கீற மூணு பேருக்கும் அந்த பாஷ தெரியாது சார். இங்கிலீஷ்லயே போட்டுத் தாக்கு.”

சிறிது நேரத்தில் செஞோர் வந்தான். இஸ்திரி மடிப்பு கலையாத புதுச் சட்டை.

“எந்த பாஷையிலடே கேப்பாவ?”

“தெரியலடா” என்றேன்.

அவன் உள்ளே போய் எல்லாக் கேள்விக்கும் ஸ்பானிஷிலேயே பதில் சொன்னான். திமிர் பிடித்தவன் என்று நினைத்து ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நான் ஆங்கிலத்தில் இரு நாட்டு நல்லுறவு பற்றி ஏதோ உளறினேன். ஸ்பெயினுக்கு ஆள் எடுக்கும் குழு, ஸ்பானிஷ் பேசாதவனைத் தேர்ந்தெடுத்தது.

மாட்ரிட்டுக்கு வாரம் தவறாமல் அவன் கடிதம் வந்தது, முழுக்க ஸ்பானிஷில். அங்கே மழையை எப்படித் திட்டுவார்கள், ஜன்னலில் என்ன செடி வைப்பார்கள், துணிக்கடைக்காரன் பேரத்தை எப்படி ஆரம்பிப்பான் என்று கேள்விகள். பதில்களை நான் அங்கே குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்தம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, “இவர் எழுதுவதுபோல நீ ஏன் பேசுவதில்லை?” என்றார். அதன்பின் நான் பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

திரும்பி வந்ததும், வெளிநாட்டில் படித்தவன் என்பதற்காகவே ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு நாளும் ஸ்பானிஷ் தேவைப்படவில்லை. செஞோர் அதே கடையில் இருந்தான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போய், பியூன் சொன்னதைச் சொன்னேன்.

“தெரியும்டே. அந்த ஆளு என்கிட்டயும் சொன்னாரு.”

“பின்ன ஏன்டா ஸ்பானிஷ்ல பேசினே?”

“ஸ்பெயினுக்குப் போறவன் வேற என்னத்துல பேசுவான்?”

“அப்ப என்கிட்ட ஏன் கேட்டே?”

அவன் துணியை மடித்துக்கொண்டே சொன்னான்: “நீ சொல்லுதியான்னு பாத்தேன்.”

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “சரி, உக்காரு. மாட்ரிட்ல என்ன பாத்தே? ஸ்பானிஷ்லயே சொல்லு” என்றான்.

சொன்னேன். முதல் வாக்கியத்திலேயே மூன்று தப்பு. சிரிக்காமல், குத்திக்காட்டாமல், ஒவ்வொன்றாகத் திருத்தினான்.

மறுநாளும் போனேன். வேண்டுமென்றே இரண்டு தப்பு கூடச் சேர்த்துப் பேசினேன்.