ராசையா மாமா குளித்த தண்ணீர்

எனக்குக் கைவேலை எதுவும் வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வராது. ஆனால் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

என் தங்கை ரேவதியின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கஞ்சிக்கோட்டில் தன்னோடு வேலை பார்த்த பையனை அவளே பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் இடுக்கி மலையில் சக்குபள்ளம். அப்பா சம்மதித்தார். ஆனால் சம்மதித்ததோடு சரி, அந்த வீட்டாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான் போகும், வரும். (தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.)

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் அவருடைய சித்தப்பா ராசையாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எனக்கு மாமா முறை. தங்கள் பங்குக் கல்யாணப் பத்திரிகைகளை வாங்கிப்போக, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

விருந்தாளி அறையை ஒட்டி ஒரு குளியலறை உண்டு. அதுவரை அதில் தங்கிய விருந்தாளிகள் பழைய மோட்டாரும் சொட்டுநீர்க் குழாய்களும்தான். தரை கறுத்துப்போயிருந்தது. கொத்தனாரைக் கேட்டால் கல்யாணம் முடிந்து வருகிறேன் என்றார். 'குறைந்த செலவில் குளியலறையைப் புதுசாக்கலாம்' என்று மொபைலில் ஒரு வீடியோ கிடைத்தது. கொத்தனார் எதற்கு என்று இறங்கிவிட்டேன்.

கண்ணாடியை மாட்டினேன், என் தொப்புள் மட்டும் தெரிந்தது. பாட்டிலில் மணிபிளாண்ட் வைத்தேன், பல்லி குடிவந்தது. இதெல்லாம் சில்லறை. பெரிய வேலை தரை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி வந்து, சுவரிலிருந்து சுவர் வரை, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பசை போட்டு ஒட்டினேன். இரண்டு நாள் வேலை. முழங்கால் தோல் உரிந்தது. என் மனைவி சுமதி வந்து நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, தண்ணி எங்கீங்க போகும்?"

"அதெல்லாம் போகும். நீ போய் வேலையைப் பாரு" என்றேன்.

அந்த வீடியோவில் கடைசிவரை யாரும் குளிக்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ராசையா மாமா மத்தியானம் வந்து இறங்கினார். மலைக் குளிரில் வாழ்கிற மனுஷன். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அவித்த கிழங்கு மாதிரி இருந்தார். முதலில் குளிக்கவேண்டும் என்றார். பெருமையோடு கதவைத் திறந்துவிட்டேன். கூடத்தில் அப்பா பாயை விரித்து, பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவி, ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. குழாய்ச் சத்தத்தில் 'தண்ணி' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. தண்ணீர் போதுமா என்று சங்கடப்படுகிறார் போல என்று நினைத்தேன்.

"டேங்க் நெறைய இருக்குதுங்க மாமா. தாராளமா ஊத்துங்க."

அவர் ஊற்றினார். சம்பந்தி வீட்டில் சொன்னதைத் தட்டக்கூடாது என்று கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஊற்றியிருக்கிறார்.

முதலில் பார்த்தது சுமதி. விருந்தாளி அறை வாசலைத் தாண்டிச் சோப்பு நுரையோடு தண்ணீர் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் எழுவதற்குள் பாய் நனைந்து, அடியிலிருந்த பத்திரிகைகள் எல்லாம் ஊறிவிட்டன. மஞ்சள் கரைந்து ரேவதியின் பெயர் மேல் ஓடியது. அப்பா சொட்டச் சொட்ட ஒரு பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மாமா துண்டோடு வெளியே வந்தார். நிலைமையைப் பார்த்தார். சுமதியிடம் அடுக்களைக் கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மூலையில் குனிந்து, தண்ணீருக்கடியில் கையால் தடவி, ஷீட் மூடியிருந்த தண்ணீர் போகும் ஓட்டையைக் கண்டுபிடித்து, என் இரண்டு நாள் உழைப்பைக் கிழித்தார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பிறகு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானும் இது உங்க ஊரு வழக்கம்போலன்னு நெனச்சிட்டேன், மாப்ள."

அப்பாவின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், நேராக மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஈரத்தோட நிக்காதீங்க சம்பந்தி. துணி மாத்திட்டு வாங்க, சாப்பிடலாம்."

அப்பாவிடமிருந்து அவர்களுக்கு நேராகப் போன முதல் வார்த்தை அதுதான். சாயங்காலம் வரை இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் காயவைத்தார்கள். என்னை மாடிப்பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காய்ந்ததும் எல்லாம் பொரித்த அப்பளம்போலச் சுருண்டுகொண்டன. மறுபடி அச்சடித்து ஊர் ஊராகப் போய்க் கொடுக்க நாள் போதாததால் அதையேதான் ஊருக்கெல்லாம் கொடுத்தோம்.

கல்யாணமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் சக்குபள்ளம் போனால் ராசையா மாமா காப்பி கொடுப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப்போகிறார். எத்தனை பேர் கூடியிருந்தாலும் விடுவதில்லை. தரையின் மூலையைக் காட்டி, மிகுந்த மரியாதையோடு சொல்கிறார்:

"மாப்ள, ஓட்டை இங்கன இருக்கு. ஒட்டிப்புடாதீக."