அடுக்களைச் சுவரைக் காப்பாற்றியவள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பல வகை மனிதர்கள் வந்து இறங்குவார்கள். அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஒரு வகை. குளிக்கிறவர்களை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராத ஒரு வகை உண்டு. அது ஐந்தருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு பழைய சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பெயர் வரலாற்று ஆய்வாளர். உட்பிரிவு: கட்டடக்கலையும் பெண்கள் வரலாறும். தென்காசி வட்டாரத்தில் அந்த உட்பிரிவுக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஜீவன்தான். அது நான்தான்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஜோல்னாப் பை. அதற்குள் அளவு நாடா, டார்ச் லைட், பாதி தின்ற முறுக்கு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரருக்கு முன்னால் உத்தரத்துக்குத்தான் வணக்கம் சொல்லுவோம். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் தூணைச் சுரண்டிக்கொண்டிருப்போம், புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரைக் கண்டால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நிற்போம், காரை உதிர்ந்த சுவரைக் கண்டால் சாப்பாடு மறந்துபோகும். பெண்கள் வரலாறு? அதையும் விடுவதில்லை. ஒரு வீட்டுப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அந்த வீட்டு ஆண்களிடம் விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்வோம். ஃபேன் ஆண்கள் உட்காருகிற முன்கூடத்தில், பட்டாசலையில்தானே ஓடுகிறது.

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சாரலில், தென்காசியில் ஹரிஹரசுப்பிரமணியன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அடுக்களைக்கு ஜன்னலே கிடையாது. முற்றத்துப் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் மட்டும். யார் வருகிறார்கள், எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் அதில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நல்ல கட்டுரை ஒன்று எழுதினால் விரிவுரையாளர் நிலையிலிருந்து ரீடர் பதவிக்கு உயர்வு என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அந்தத் துவாரத்தை மேலும் கீழுமாக அளந்து, சுவரோடு சேர்த்துப் படமும் பிடித்து, ‘மறைந்து நோக்கும் மரபு’ என்று பெயரும் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சியின் மனைவி குழல்வாய்மொழி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே காப்பி கொண்டுவந்தாள்.

“டீச்சர், வெறகுப் பொகையில கண்ணு அவிஞ்சு போவுது. இந்தச் சுவத்த இடிச்சு ஒரு ஜன்னல் வைங்கன்னு வருசக்கணக்கா கேக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா அவிய கேப்பாவ.”

ஒரே வார்த்தை. எனக்குள் இருந்த பெண்கள் வரலாறு ‘இடி’ என்றது. கட்டடக்கலை ‘தொடாதே’ என்றது. ரீடர் பதவி யார் பக்கம் சேர்ந்துகொண்டது என்று சொல்லவும் வேண்டுமா? பட்டாசலைக்கு வந்தேன். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, அது சாதாரணச் சுவரில்லை, தலைமுறை தலைமுறையாக இந்த வீட்டுப் பெண்கள் மூச்சுவிட்ட சுவர் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொத்தனார் கூலி மிச்சம்.

“கேட்டியாட்டி? டீச்சரே சொல்லிட்டாவ. சுவத்துல கை வைக்கப்படாது” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து இருமல் மட்டும் வந்தது.

கட்டுரை அமர்க்களமாக அமைந்தது. அந்தச் சுவரில் படிந்த கரியைக் கருத்தரங்கில் பெரிய திரையில் காட்டியபோது ஒரு பேராசிரியர் கண் கலங்கினார். புகையில்லாமலே. நான் ரீடர் ஆனேன்.

அடுத்த சாரலுக்குப் போய்ப் பார்த்தால், சுவர் இருந்த இடத்தில் கம்பி போட்ட பெரிய ஜன்னல். முற்றத்து வெளிச்சம் அடுப்பு வரைக்கும் வந்திருந்தது. குழல்வாய்மொழி அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி எப்படிச் சம்மதிச்சாங்க?” என்றேன்.

“அவிய கடையநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாவ. கொத்தனாரக் கூப்புட்டு இடிச்சுட்டேன்.”

“அது எவ்வளவு பெரிய வரலாறு தெரியுமா?”

“அதான் நீங்க படம் புடிச்சு வச்சிருக்கீயள்லா டீச்சர். அங்கன பத்திரமா இருக்கும். இனி எனக்கு எதுக்கு?” என்றவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “ஒங்க வீட்டு அடுக்களையில ஜன்னல் இருக்கா?”

இருக்கிறது. இரண்டு. வீடு கட்டும்போது கூடவே நின்று, பெரிதாக வையுங்கள் என்று கொத்தனார் உயிரை வாங்கியவள் நான். வெட்கமாக இருந்தது. அவள் கொடுத்திருந்த காப்பியைக் குடித்தேன்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். ‘அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா’ என்று ஒரு தடவையாவது நீங்கள் சொன்னதில்லையா? எந்த அறையில் உட்கார்ந்து சொன்னீர்கள்? இதை இப்போது எந்த அறையில் உட்கார்ந்து படிக்கிறீர்கள்? காற்று நன்றாக வருகிறதல்லவா? பக்கத்தில் காப்பி இருந்தால், அது எந்த அறையிலிருந்து வந்தது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.